எட்டு வரிக் கிராமம்

டீ சரியாகக் கவிதையின் மேல்தான் கொட்டியது. கல்லூரி டைப்பிஸ்ட் முந்தானையால் அவசரமாக ஒற்றினாள். துறைத் தலைவர் தன் கையால் எழுதித் தந்த ஆராய்ச்சி நூல் அது, 'பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதைகளில் கிராம வாழ்க்கை'. எட்டு வரி மை கரைந்து ஓடிவிட்டது. கீழே அடிக்குறிப்பு மட்டும் தப்பியிருந்தது: நூலகக் கையெழுத்துப் பிரதி, எண் 417.

அடுத்த மாதம் அவளை வேலையில் நிரந்தரமாக்கத் தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. மாட்டுக் கொட்டகை வாசத்தில் வளர்ந்தவளுக்கு எட்டு வரிக்கா பஞ்சம்? தானே எழுதி அடித்துவிட்டாள்.

"கூரை ஒழுகுது, குடம்வைக்க இடமில்லை;
ஆடுமேய்ப் பவனுக்குக் குழலேது? இருமல்தான்."

இந்த ரகத்தில் எட்டு வரி. தலைவர் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு திருத்தமும் போடாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புத்தகம் வந்த மறுவாரமே வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து இறங்கினார்.

"மத்தவங்கள்லாம் கிராமத்தச் சொர்க்கமாக்கிட்டாங்க. இந்த ஒருத்தன்தான் உண்மையச் சொல்லியிருக்கான். அந்த எட்டு வரியோட மூலப் பிரதிய நான் பாக்கணும்."

பிரதியையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். நூலகரிடம் ஓடினாள்.

"அண்ணே, நானூத்திப் பதினேழு இன்னிக்குக் கிடைக்காதுன்னு சொல்லிடுங்க."

"தேடுற வேலை மிச்சம். காணோம்னே சொல்லிடறேன்."

சொல்லியும்விட்டார். பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"காணோமா? இருநூறு வருஷத்துக்கு மேல இருந்த பொக்கிஷம். திருட்டுதான் இது. போலீசக் கூப்பிடுங்க."

போலீஸ் என்றதும் நூலகர் டைப்பிஸ்டைக் கைகாட்டினார். "இந்தம்மாதான் காலைல அதப் பத்திக் கேட்டாங்க."

அவள் அங்கிருந்து ஓடினாள். எப்படியோ தலைவர் அறைக்குள் போய் விழுந்தாள். போலீஸ் பேச்சு காதில் விழுந்து அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது.

"சார், யாரும் எதையும் திருடல. உங்க கவிதைல நான் டீயக் கொட்டிட்டேன். புஸ்தகத்துல இருக்கிற எட்டு வரியும் நானா எழுதினது. போலீஸ் மட்டும் வேண்டாம் சார்."

அழுதேவிட்டாள். தலைவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"மெதுவாப் பேசும்மா. உன்னோடது எவ்வளவோ தேவல. நானூத்திப் பதினேழுன்னு ஒரு பிரதியே கிடையாது. முன்னாடி இருந்த எட்டு வரியும் நானா எழுதினது."