நியூடவுன் அண்ணையும் மில்டன் கீன்ஸும்

கனடாவில் மொன்றியலில் வாழ்ந்துகொண்டே, மில்டன் கீன்ஸ் என்ற இங்கிலாந்து நகரத்தை ஏறக்குறைய ஆயிரம் தடவை கட்டி முடித்த ஒரே மனிதர் நியூடவுன் அண்ணைதான். அதற்கு அவருக்குச் செங்கல், சீமெந்து ஒன்றும் தேவைப்படவில்லை. கேட்க ஒரு ஆளும், கீற ஒரு பேனாவும், மேசையில் ஒரு கடதாசித் துண்டும் போதும். கலியாண வீடா, செத்த வீடா என்றெல்லாம் பார்க்கமாட்டார். உங்கள் தட்டில் இடியப்பத்துக்கு மேல் சொதி விழுவதற்குள் வயல்வெளியை அளந்து முடித்துவிடுவார். நீங்கள் கை கழுவ எழும்பும்போது நகரத்தின் நடுவில் கடைத்தொகுதி திறந்திருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் பங்குக் கோயில் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மன்னாரில் பிறந்தவர். எழுபதுகளில் இங்கிலாந்துக்குப் போய்ப் படவரைஞராக வேலை பார்த்தவர். லண்டனில் வீடில்லாமல் திண்டாடிய சனத்துக்காக, சில பழைய கிராமங்களையும் நடுவில் கிடந்த வயல்களையும் சேர்த்து அரசாங்கம் ‘நியூ டவுன்’ என்று புது நகரம் ஒன்றைக் கட்டியபோது, அதன் றோட்டுகளைப் படத்தில் கீறிய கைகளில் இவருடையதும் ஒன்று. எண்பதுகளில் மனைவி ரீட்டா அக்காவோடு மொன்றியலுக்கு வந்து ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினார். வந்தவர் உடம்பை மட்டும்தான் கொண்டு வந்தார் என்று என் கணவர் சொல்வார்.

நாங்கள் அந்த வீட்டு பேஸ்மென்டுக்குக் குடிவந்த அன்று பின்னேரம் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கோட்டு, தொப்பி, கழுத்துப் பட்டி எல்லாம் போட்டுக்கொண்டு அண்ணை நிற்கிறார். மேலே இருப்பவர் உள்படியால் பத்துப் படி இறங்கி வந்திருக்கலாம். அவரோ முன்கதவால் வெளியே போய், பனியில் ஒருதரம் சறுக்கி, முழங்காலில் வெள்ளையோடு வந்து நின்றார்.

"பொன்ஜூர். வணக்கம். உங்களை வரவேற்க வந்திருக்கிறன்."

"அண்ணை, காலமை நீங்கள்தானே வீட்டுத் திறப்புத் தந்தனீங்கள்?"

"அது வீட்டுக்காரன். இது வேற."

மில்டன் கீன்ஸில் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்களாம். அண்ணையும் அக்காவும் அங்கே போய் இறங்கிய கிழமை ஒரே மழை. வாசலில் முழங்கால் அளவு சேறு. பஸ் எங்கே நிற்கும், பால் எங்கே வாங்குவது என்று தெரியாமல் ரீட்டா அக்கா பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண் சேற்றுச் சப்பாத்தோடு வந்து, ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டி, தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாளாம். ஒரு நாடு உருப்பட வேண்டுமானால் வேறொன்றும் தேவையில்லை, அந்தப் பெண் வந்தால் போதும் என்பது அண்ணையின் கட்சி. மொன்றியலில் அப்படி யாரும் வரவில்லை. ஆகவே அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

வேலை நல்ல வேலைதான். கொடுத்த வரைபடத்தில்தான் வில்லங்கம். மொன்றியல்காரர் வடக்கு என்று சொல்லும் திசை, உண்மையில் வடக்கே இல்லை. மேற்குப் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. ஊர் முழுக்க அந்தச் சாய்வை வடக்கு என்று ஏற்றுக்கொண்டு சந்தோசமாக வாழ்கிறது. அண்ணையின் மனச்சாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. திசைகாட்டி வைத்து, அசல் வடக்கின்படி அழகாக ஒரு வரைபடம் கீறி, பிரதியெடுத்து, வந்திறங்கிய தமிழர் எல்லாருக்கும் கொடுத்தார். என் கணவரை முதல் நேர்முகத்துக்கு அழைத்த சப்பாத்துத் தொழிற்சாலையில், மெட்ரோவால் வெளியே வந்து வடக்கே மூன்று சந்தி நடந்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மனுசன் அண்ணையின் வடக்கே நடந்தார். தொழிற்சாலையைக் கண்டுபிடித்தபோது வேலை இன்னொருவருக்குப் போயிருந்தது.

"அண்ணை, உங்கட படத்தால வேலை போச்சு!"

"பிழை என்ர படத்தில இல்லைத் தம்பி. இந்த ஊரைச் சரிச்சு வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள்."

பக்கத்து ஊரான டொலார்டில் நடந்த கலியாண வரவேற்பு ஒன்றில் கார் நிறுத்தும் ஒழுங்கை அண்ணையிடம் கொடுத்தவர்களை என்ன சொல்ல? மில்டன் கீன்ஸில் சந்திக்குச் சந்தி வட்டச்சுற்றுத்தான், சிவப்பு விளக்குக்குக் காத்து நின்று யாரும் ஆயுளைக் கரைப்பதில்லை என்று சொல்லி, மண்டபத்து முற்றத்தில் பூச்சாடிகளை அடுக்கி ஒரு வட்டச்சுற்று அமைத்துவிட்டார். உள்ளே நுழைவதற்கு வழி வைத்தவர், வெளியேறும் வழியில் வாழைமரம் கட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கார் நான்கு தரம் சுற்றியது. ஐந்தாம் தரம் பொம்பிளை கண்ணாடியை இறக்கி, "அங்கிள், பிளீஸ்!" என்று கும்பிட்டாள். அண்ணையோ கையை அசைத்து, "பார்த்தியளே, ஒரு கார் நிக்கேல்லை!" என்றார்.

அந்த ஊரில் ஒரு கலைஞர் கொங்கிறீட்டால் செய்து புல்வெளியில் நிறுத்திய மாடுகளைப் பற்றிச் சொல்லும்போது அண்ணையின் முகம் பூரித்துப்போகும். ஒருமுறை ஒரு பெரியவர், "அதில என்ன பிரயோசனம்? பால் கறக்குமோ?" என்று கேட்டார். அண்ணை உடனே ஒத்துக்கொண்டார். "கறக்காது. ஆனா அவிட்டு விட்டாலும் நிக்கும்."

இப்படிச் சிரித்துச் சிரித்துக் கேட்ட எங்களுக்கு ஒரு விசயம் மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. அவருடைய நகரம் எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். சேறு காயும், மரக்கன்று நடுவார்கள், கடைகள் திறக்கும். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் போனதில்லை. "பேந்து என்ன நடந்தது அண்ணை?" என்று கேட்டால் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவார். பக்கத்தில் இருக்கும் ரீட்டா அக்கா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா.

காரணத்தை அக்காதான் சொன்னா. ஒரு கல்லறைத் திருநாள் அன்று பங்குச் சனம் எல்லாம் மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு தங்கள் ஆட்களின் கல்லறைக்குப் போய்விட்டது. அக்கா மட்டும் வீட்டில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தா. நீங்கள் போகவில்லையா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"என்ர பிள்ளை இஞ்ச இல்லையே. அங்க எல்லோ கிடக்கிறான்" என்றா.

ஒரே பிள்ளை. பெயர் ஜூட். மூளைக்காய்ச்சல் வந்து நான்கு வயதில் போய்விட்டான்.

"அந்த ஊருக்குப் புதுச் சவக்காலை ஒண்டு கட்ட வேணும் எண்டு படம் இவரிட்டத்தான் வந்தது. வந்த சனம் எல்லாம் இளம் சனம். இப்ப ஆர் சாகப்போகினம் எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கீறினவர். பாதை, மரம், சின்னப் பிள்ளையளுக்கு ஒரு மூலை. அந்த நேரம் நான் வயித்தில ஜூட்டோட. நல்லா வெயில் படுற மூலையாப் பார்த்து வைச்சிருக்கிறன், வடிவோ எண்டு எனக்குக் காட்டினவர். வடிவா இருக்கு எண்டு நானும் சொன்னனான்."

அக்கா கிழங்கை நிறுத்தாமல் சீவினா. அதன் பிறகு அண்ணை மண்டபங்களில் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் என்னால் முன்போலச் சிரிக்க முடியவில்லை. அவர் ஓயாமல் கட்டிய நகரத்தில் ஜூட் இன்னும் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அடுத்த வருசத்தைத் தொடங்கினால் பிள்ளை செத்துவிடுவான். மனுசன் எப்படித் தொடங்குவார்?

மூன்று வருசத்துக்கு முன் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசிக் கிழமை, நான் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணையின் கையைப் பிடித்துக் கேட்டா.

"இஞ்சாருங்கோ, என்னைப் பிள்ளையிட்டக் கொண்டுபோய் விடுவியளோ?"

"ஓம்."

"பெட்டியோட கொண்டு போறது கரைச்சல். எரிச்சுக் கொண்டு போங்கோ."

எங்கள் மன்னார்ச் சனத்துக்கு எரிப்பது என்பது லேசில் விழுங்கக்கூடிய கதை இல்லை. பரம்பரையாக மண்ணுக்குள் போனவர்கள். அக்கா கண்ணை மூடிய பிறகு கோயில் வாசலில் முணுமுணுத்தார்கள். ஒரு மாமி, "கடைசி நாளில அவ எப்பிடி எழும்புவா?" என்று முகத்துக்கு நேரே கேட்டா. அண்ணை கோபப்படவில்லை. "பிள்ளையின்ர பக்கத்தில இருந்து எழும்புவா" என்று மட்டும் சொன்னார். திருச்சபை இதற்கு அனுமதிக்கிறது என்று பங்குத் தந்தை விளங்கப்படுத்திய பிறகுதான் வாய்கள் மூடின.

அங்கே ஜூட்டின் கல்லறையைத் திறக்க அனுமதி, ஜெபம் சொல்ல ஒரு குருவானவர் என்று கடிதம் எழுதி எல்லாம் ஒழுங்கு செய்ய மாதங்கள் போயின. கூட வருகிறேன் என்றேன். "என்ர ஊருக்கு எனக்கு வழிகாட்டியோ?" என்று கிண்டலடித்தார். எண்பதை எட்டிய மனுசன், தோள்பையில் அக்காவை வைத்துக்கொண்டு தனியாக விமானம் ஏறினார்.

அடக்கத்தன்று காலை எட்டரை மணிக்கு நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்க ரெலிபோன் அடித்தது. அங்கே அப்போது மத்தியானம் ஒன்றரை.

"பிள்ளை, சுகமோ?"

"என்னண்ணை, முடிஞ்சுதோ?"

"இல்லை." பின்னால் காற்று இரைந்தது. "நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஹோட்டலில் இருந்து நடந்தே போகலாம், எனக்குத் தெரியாத பாதையா என்று வெளிக்கிட்டிருக்கிறார். அவர் அந்த ஊரை விட்டு வரும்போது கைத்தடி உயரத்தில் இருந்த கன்றுகள் எல்லாம் இப்போது பெருமரங்கள். வீடுகளை மறைத்துவிட்டன, சந்திகளை மறைத்துவிட்டன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. இரண்டு மணிக்குக் குருவானவர் வந்து நிற்பார். அவருக்கு மூன்று மணிக்கு வேறோர் அடக்கம் இருந்தது.

"ஆரையும் கேக்கேல்லையோ அண்ணை?"

"கேக்க வாய் வரேல்லைப் பிள்ளை. இது நான் கீறின ஊர்."

கொம்பியூட்டரைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பலகையின் எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். என் சமையலறை மேசையில் அவர் நின்ற இடம் வந்தது. வலக்கைப் பக்கம் திரும்புங்கோ அண்ணை, றோட்டுக்குக் கீழால ஒரு சுரங்கப் பாதை வரும், பயப்பிடாமல் இறங்குங்கோ என்றேன். அவர் இறங்கினார். மூச்சு வாங்கியது. இடைக்கிடை, "ரீட்டா, கொஞ்சம் பொறு" என்று பையோடு கதைப்பது கேட்டது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, "சவக்காலைக் கேற் தெரியுது" என்றார்.

"உள்ளுக்குப் போய் எந்தப் பக்கம் எண்டு பாக்கட்டோ?"

"வேண்டாம். இனி எனக்குத் தெரியும்."

ரெலிபோனை நிறுத்த மறந்து கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார் போல. சப்பாத்தடியில் கல் நொறுங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு குருவானவரின் ஆங்கில ஜெபம். ஆமென். பிறகு யாரோ நடந்து போனார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு அண்ணையின் குரல்.

"ஜூட், அப்பன். அம்மா வந்திட்டா."

அதற்குப் பிறகு அவர் அழுதார். நாற்பது வருசத்துக்கு மேல் அடக்கி வைத்த அழுகை அது. ஆயிரம் தடவை கேட்ட கதைக்குப் பயந்து கைகழுவும் சாட்டில் நழுவி ஓடிய நான், அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, ரெலிபோனையும் வைக்கவில்லை. அந்த மனுசனைத் தனிய விட எனக்கு மனம் வரவில்லை.