ரின்னுக்குள் ஜெனீற்றா

மறுபடியும் ஜெனீற்றாதான்.

பிரியவதனி ரீச்சர் கையிலிருந்த ஐஸ்பழத் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கிழமை அந்தப் பெயர் எத்தனை தரம் வந்ததென்று அவளுக்கே கணக்கில்லை. படிப்பிப்பதோ கணிதம்!

"ஜெனீற்றா, எழும்பிச் சொல்லும் பாப்பம்."

கடைசி வாங்கிலிருந்து ஒரு மெலிந்த பிள்ளை எழும்பி, கரகரத்த தொண்டையால் விடையைச் சொன்னது. சரியான விடைதான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

இந்தத் தடிக்கு ஒரு கதை உண்டு. ஊர்காவற்றுறைப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பில் என்ன கேட்டாலும் நிருபன் கை தூக்குவான். மற்றதுகள் நிருபனை நம்பிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். பிரியவதனி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை. நல்ல கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தேடி, பஸ்ஸில் வரும்போது போனில் படித்தாள். கை தூக்குகிறவனை விட்டுவிட்டுச் சீட்டிழுத்துக் கேள். தன் பெயர் வருமோ என்று எல்லாரும் யோசிப்பார்கள் என்றிருந்தது. அவ்வளவுதான். பள்ளி வாசலில் ஆழ்வாப்பிள்ளை விற்கிற ஐஸ்பழத்தின் தடிகளைப் பொறுக்கிக் கழுவி, ஆளுக்கொன்றில் பெயர் எழுதி, ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு மேசையில் வைத்துவிட்டாள். இடைவேளையிலும் அது அங்கேயே இருக்கும்.

முதல் கிழமை வகுப்பு துள்ளியது. ஜெனீற்றாவின் பெயர் முதன்முதல் வந்தபோது, வேறு யாரையோ என்று அந்தப் பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் சுவர்தான் இருந்தது. பாவம், முதலாம் வகுப்பிலிருந்து ஒருத்தரும் அவளைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

அன்று தகப்பன் கிறிஸ்தோப்பர் கடலால் வந்த கையோடு, சாரத்தை மடித்துக் கட்டியபடி அதிபரின் அறைக்குள் நுழைந்தார். பிரியவதனியையும் அங்கே கூப்பிட்டார்கள்.

"என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள், ரீச்சர்? எந்தநேரமும் அவளைத்தான் கேப்பியளாம். தொண்டை கட்டிப் போச்சு. மத்தியானச் சோத்தைத் தொடுறாளில்லை. எப்ப பாத்தாலும் புத்தகத்தோடை கிடக்கிறாள். பயந்து போனாள், கண்டியளோ!"

"அண்ணை, நான் ஆள் பாத்துக் கேக்கிறேல்லை. ரின்தான் கேக்குது."

"அப்ப ரின்னுக்குச் சொல்லி வையுங்கோ! இல்லாட்டி வெள்ளிக்கிழமையோடை பிள்ளையை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்போடுவன்."

அதிபர் பாலசிங்கம் தலையைச் சொறிந்தார். "ரீச்சர், ஏற்கெனவே பிள்ளையள் காணாது. இவளும் போனா, உம்மடை ரின்னும் போகும்."

"ரின்னிலை பிழையில்லை, சேர். ஆராய்ச்சியிலை நிரூபிச்சது. நீங்கள் இருந்து பாருங்கோ."

அடுத்த நாள் ரின்னை உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். உலுக்கின உலுக்கில் மேசையிலிருந்த தேத்தண்ணி கொட்டி, கொப்பிகள் நனைந்ததுதான் மிச்சம். வந்தது ஜெனீற்றா.

சரி, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நிருபனின் கண்ணைக் கட்டி எடுக்கச் சொன்னாள். ஜெனீற்றா! இப்போது நிருபனும் ரீச்சரும் சேர்ந்து செய்கிற சதி என்று வகுப்பு குசுகுசுத்தது. நிருபன் கோபித்துக்கொண்டு, இனி எதற்குமே கை தூக்கமாட்டேன் என்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை கிறிஸ்தோப்பரை வகுப்புக்கே கூப்பிட்டு முன்னால் ஒரு கதிரை போட்டாள்.

"சேர், நீங்களே எடுங்கோ. அண்ணையும் பாக்கட்டும்."

அதிபர் கையை விட்டுத் துழாவி ஒரு தடியை எடுத்தார். வாசித்தார். முகம் கறுத்தது.

"என்ன பேர், சேர்?" என்றார் கிறிஸ்தோப்பர்.

அதிபர் ரின்னை மேசையில் கவிழ்த்தார். ஜெனீற்றா, ஜெனீற்றா, ஜெனீற்றா. நடுவில் ஒரு நிருபன், மறுபடி ஜெனீற்றா.

"ஆர் செய்தது?" பிரியவதனி வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுகூட விளங்கேல்லையே?" அதிபர் சீறினார். "தாங்கள் தப்பிறதுக்கு இந்த அப்பாவியைப் போட்டு நிரப்பியிருக்கினம்!"

பிரியவதனி தடிகளை அள்ளி ரின்னுக்குள் போட்டாள். ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று ஒரு பிள்ளையை இப்படி வருத்திப்போட்டேனே! அவளே ரின்னைத் தூக்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. இனி இந்த வேலை இல்லை."

அதைக் கேட்டதும் ஜெனீற்றா ஓவென்று அழத் தொடங்கினாள்.

"பாருங்கோ," என்றார் கிறிஸ்தோப்பர். "இன்னும் பயம் தெளியேல்லை. நான் கூட்டிக்கொண்டு போறன்."

மனம் கேளாமல் பிரியவதனியும் வாசல்வரை போனாள். அங்கே ஆழ்வாப்பிள்ளை மணியைக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டு ஐஸ்பழப் பெட்டியோடு நின்றார். ஜெனீற்றா சட்டென்று தகப்பனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு வேண்டாமோ?" ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். "நல்ல கெட்டிக்காரப் பிள்ளை, ரீச்சர். இடைவேளைக்கு இடைவேளை மூண்டு ஐஸ்பழம் திண்டு, தடியைக் கழுவி, அதிலை தன்ரை பேரையும் எழுதிக்கொண்டுதான் உள்ளுக்குப் போறவள்."