ராக்கெட்டில் பெரட்டு

படம் முடிந்து விளக்குகள் எரிந்துவிட்டன. இரத்தினபுரித் தியேட்டருக்குள் துடைப்பத்தோடு ஒருவர் வந்து நின்றார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். தலைவர் அழகமுத்து மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

திரையில் ஆங்கிலப் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"வாசிங்க," என்றார்.

"இது படத்துல வேலை செஞ்சவங்க பேரு, தலைவர்," என்றாள் சுகந்தினி.

"தெரியும். வாசிங்க."

வாசித்தாள். தச்சு வேலை செய்தவர்கள். முடி திருத்தியவர்கள். படத்தில் ஒரே ஒரு காட்சியில் வந்த நாயைப் பார்த்துக்கொண்டவர்.

"நாய்க்குச் சோறு போட்டவனுக்கெல்லாம் பேரு போட்டிருக்கான்," என்றார் தலைவர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவளுடைய கைபேசி அடித்தது. பஸ் டிரைவர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். "நங்கி, பரக்கு வெனவா." நேரமாகிறது என்பது அவளுக்கும் தெரியும். போனில் அவருக்குப் பின்னால் ஆட்கள் சண்டை போடும் சத்தமும் கேட்டது. ஐந்து பெயருக்கு ஒரு பெயராகத் தாண்டித் தாண்டி வாசித்து முடித்தாள். திரை கறுத்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலைவர் எழுந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி, தோளில் சால்வை. பக்கத்தில் அவர் மனைவி மூக்காயி, கூறைச் சேலையில். இவர்கள் படம் பார்க்கப் போகிறார்களா, கல்யாணத்துக்குப் போகிறார்களா என்று காலையில் பஸ் ஏறும்போதே சுகந்தினி நினைத்தாள்.

"ஏமாத்திட்டீங்க, டீச்சர்," என்றார் தலைவர். கோபம் இல்லாத நாட்களில் அவளைச் சுகந்தி என்பார்.

படத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னதே அவர்தான். அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வழக்கம்போல் மூடிக்கொண்டாள்.

சுகந்தினிக்கு வேண்டியிருந்தது தோட்டத்து ஹால். பலாங்கொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பு எடுத்தாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்தான் வகுப்பு. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. அங்கே மழை பெய்யாத சனிக்கிழமை அபூர்வம். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹால் சாவி தலைவரின் இடுப்பில் இருந்தது.

"ராக்கெட் படத்த மறுபடி எடுத்திருக்கானாமே," என்று ஒரு நாள் அவரே கேட்டார். "கோடிக்கணக்குல டாலர் செலவு பண்ணி. தமிழ்லயும் பேசுறானாம். தோட்டத்தோட கூட்டிட்டுப் போங்க. சாவியத் தாரேன்."

ராக்கெட் படம் என்றால் அந்தத் தோட்டத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு, பலாங்கொடை அப்துல் ரஸாக் முதலாளி வேனில் டீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் கொண்டுவருவார். ஆங்கிலப் படம். டீவிக்குப் பின்னால் ஒரு சீலையைக் கட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, கோயில் மைக்கில் கதையைத் தமிழில் சொல்வார். வருடா வருடம் அதே படம்தான். யாரும் வேறு கேட்கவில்லை.

கதை இதுதான். ராக்கெட்டில் தினமும் விடியற்காலையில் பெரட்டு. எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்தால்தான் வேலை. பிந்தி வந்தால் ராக்கெட்டை ஓட்டும் துரை, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவான். ஆளுக்கு அரைக் கோப்பைத் தண்ணீர். பொறுக்க முடியாமல் கதாநாயகன் எல்லோரையும் சேர்த்து வேலைநிறுத்தம் செய்கிறான். துரை ராக்கெட்டைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடுகிறான். அப்போது கதாநாயகனின் தங்கச்சி, சுவரில் கரியால் கணக்குப் போட்டு, ராக்கெட்டை ஊருக்குத் திருப்புகிறாள்.

அந்தப் படம் முதல் முறை காட்டிய வாரமே தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தது. எல்லா லயத்துக்கும் புதுத் தகரம் கிடைத்தது. முன்னால் நின்ற அழகமுத்து தொழிற்சங்கத் தலைவரானார். சுகந்தினி பிறப்பதற்கு முந்திய கதை. ஆனால் கதாநாயகனின் தங்கச்சியை அவளுக்கு நேரில் பார்த்த மாதிரித் தெரியும்.

புதுப் படத்தில் இதில் ஒன்றுமே இல்லை.

பஸ் இரத்தினபுரியைத் தாண்டுவதற்குள் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

"இவ்வளவு காசக் கொட்டி எடுத்திருக்கான். ஒரு பெரட்டு இல்ல," என்றாள் கோகிலா. மலையில் கங்காணியின் சத்தத்தையே அடக்குகிறவள் அவள்.

"தண்ணி அளக்குற எடம் எங்க போச்சு?"

"தொரை கடைசியில அழுவுறான். எந்தத் தொரைய்யா அழுதான்?"

"ஆளுக எல்லாம் காத்துல மெதக்குதுங்க. பழைய படத்துல ஒழுங்கா நடந்தாங்க."

கடைசியாகச் சொன்னவர் சுகந்தினியைப் பார்த்துச் சொன்னார். விஞ்ஞானத்துக்கு அவள்தான் பொறுப்பு.

"அங்க எடை தெரியாது, மாமா," என்றாள் மெதுவாக.

"பழைய படத்துல தெரிஞ்சிச்சே."

"அது தப்பு. இதுதான் சரி."

"இவ்வளவு செலவு பண்றவன் ஆளுக்குக் கொஞ்சம் எடை வைக்கக் கூடாதா?"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து விழுங்கிய கோபம் நெஞ்சில் நின்றது. "மெதக்குறவங்கள எப்படி வரிசையில நிப்பாட்டிப் பெரட்டு எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டாள்.

தலைவர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"அப்ப பெரட்டு பொய்ங்கிறீங்க."

"பழைய படத்துலயும் அது இருந்திருக்காதுன்னுதான்..."

"சனிக்கிழமை ஹால் இல்ல."

பஸ் முழுவதும் தலையாட்டியது.

பழைய படத்தையே போட்டுக் காட்டிவிடுவது என்று சுகந்தினி முடிவு செய்தாள். சான்று இருக்கும்போது வாதம் எதற்கு? பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். படத்தைத் தேடி எடுத்து, கீழே தமிழ் எழுத்து வரும்படி செய்து, பென் டிரைவில் போட்டாள். பாடசாலையிலிருந்து புரொஜெக்டரை இரவல் வாங்கினாள்.

"பழச எதுக்கு இப்ப? அதெல்லாம் வேணாம்," என்றார் தலைவர்.

"போடட்டும், தலைவர்," என்றாள் கோகிலா. "அப்பத்தான் இவங்க வாய அடைக்கலாம்."

ஆட்கள் எல்லோரும் கோகிலா பக்கம். தலைவர் ஹாலைத் திறந்துவிட்டு, உட்காராமல், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

படம் ஓடியது. பெரட்டு வரவில்லை. செக்ரோல் வரவில்லை. பாதிப் படத்தில் ராக்கெட் துரை தன் பங்குத் தண்ணீரை எடுத்து வேலையாட்களுக்கு ஊற்றிக் கொடுத்தான்.

ஹாலில் எழுந்த சத்தத்தில் சுவர்ப் பல்லி ஓடி ஒளிந்தது. அடுத்த நிமிடம் இருட்டு. சுவிட்சை அணைத்தது தலைவர்.

"டூப்ளிகேட்," என்றார்.

எல்லோருக்கும் அது உடனே விளங்கியது. கொழும்பில் மாற்றியிருக்கிறார்கள். தோட்டக் கம்பெனிதான் காசு கொடுத்து மாற்றியிருக்கும்.

"டீச்சர் தொரை பக்கம் போயிட்டாங்க," என்றது இருட்டில் ஒரு குரல்.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் வகுப்புக்கு வந்தது பாதிப் பிள்ளைகள்தான். மற்றப் பிள்ளைகளை அம்மாமார் நிறுத்திவிட்டார்கள். சுகந்தினி பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பலாங்கொடைக்கு பஸ் ஏறினாள்.

ரஸாக் முதலாளியின் கேசட் கடை இப்போது போன் கடை. மகன் ஹஸீப் பார்க்கிறான். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார்.

"அழகமுத்து கோவமா ஈக்காரா?" என்றார்.

"ரொம்ப."

"ம்."

அந்த நேரம் ஒருவர் போன் பெட்டியை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முதலாளி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஹஸீபிடம் கொடுத்தார்.

சுகந்தினி அந்தப் பெட்டியையே பார்த்தாள்.

"முதலாளி, உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா?"

"வாசிக்கத் தெரியா மகள்."

"பேசினா விளங்குமா?"

"சிங்களம் நல்லா விளங்கும்."

தலைக்குள் ஏதோ சூடாக ஏறியது. அப்படியானால் எல்லாம் இட்டுக்கட்டியது. பெரட்டு, தண்ணீர், தங்கச்சி, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரவேண்டும் என்றாள். முதலாளி மறுக்கவே இல்லை. "அழகமுத்தப் பாத்தும் நாளாச்சி," என்றார்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக மலைகளை முறைத்துக்கொண்டே வந்தாள். பலாங்கொடையில் கடை வைத்திருந்த மனிதருக்குப் பெரட்டும் செக்ரோலும் எப்படித் தெரிந்தன என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. கோபத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. வராதவர்களும் கேட்கட்டும் என்று கோகிலா கோயில் மைக்கைக் கொண்டுவந்து கட்டியிருந்தாள். ரஸாக் முதலாளி மேசைக்குப் பக்கத்தில் நின்றார். பேச வேண்டியவர் அவர். ஆனால் அவர் பேசாமல் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தினி மைக்கை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றாள். "அந்தக் கதை படத்துல இல்ல. அது இட்டுக்கட்டினது. பொய்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். இப்போது எல்லோரும் அவர்மேல் பாய்வார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

கோகிலா எழுந்தாள்.

"பொய்னா? நாங்க வேலநிறுத்தம் செஞ்சது பொய்யா? கெடச்ச தகரம் பொய்யா? அவரு பாவம், அத்தன தூரத்துலருந்து வந்து தொண்ட கிழியக் கத சொன்னாரு. நீ நேத்துப் பொறந்துட்டு அவரப் பொய்யன்ங்கிற."

"முதலாளிக்கு நாற்காலி போடுங்கப்பா," என்றார் ஒருவர்.

நாற்காலி வந்தது. டீயும் வந்தது.

தலைவர் எழுந்து நேராக அவள் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் அப்படிச் சிவந்து யாரும் பார்த்ததில்லை.

"படிச்சிட்டா என்ன வேணும்னாலும் சொல்லலாமா, டீச்சர்? கோடி கோடியாக் கொட்டினான். ஒரு தங்கச்சிய வைக்கத் தெரியல அவனுக்கு. தங்கச்சி இல்லாம அது என்ன படம்? அத நீங்க சரிங்கிறீங்க."

"நான் எப்பச் சரின்னேன்?"

அது தன் குரல்தான் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. மைக் கையிலேயே இருந்தது. மேல் லயம், கீழ் லயம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"தங்கச்சி செவுத்துல கரியால கணக்குப் போட்டு ராக்கெட்டத் திருப்பினான்னு சின்ன வயசுல கேட்டேன். அதக் கேட்டுத்தான் கணக்குப் படிச்சேன். அதுக்காகத்தான் பட்டம் படிக்கக் கம்பஸுக்குப் போனேன். தியேட்டர்ல கடைசி வரைக்கும் அவ வருவா வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. பழைய படத்துலயும் வரல. இங்க இருக்கிற எல்லாரையும் விட எனக்குத்தான் கோபம். நீங்க எல்லாரும் என்கிட்டயே வந்து கத்துறீங்க."

தலைவர் அவளையே பார்த்தார். கழுத்து நரம்பு இறங்கியது.

"தங்கச்சியக் கேட்டுத்தான் படிச்சியா, சுகந்தி?"

"ஆமா."

"நெசமாவா?"

"ஆமாங்கிறேன்ல."

இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமல், யாரையும் பார்க்காமல், வெளியே நடந்தார். "நில்லுங்க அழகமுத்து, கோவிக்காதீங்க," என்று முதலாளி டீயை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் கூட்டம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கோகிலா மைக்கைக் கழற்றினாள். "சனிக்கிழம எத்தன மணிக்கு அனுப்பணும் பிள்ளைகள?" என்றாள், முறைத்துக்கொண்டே.

எல்லோரும் போனபின் மூக்காயி மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். சுகந்தினி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"தலைவருக்கு இன்னும் என்மேல என்ன கோபம், மாமி? ஒண்ணும் சொல்லாமப் போறாரு."

மூக்காயி வெற்றிலையை வாயில் ஒதுக்கினாள்.

"ஒம்மேல இல்ல, புள்ள, அன்னிக்கு இவரு மைக்கப் புடிச்சா செக்ரோல்ல பேர வெட்டிருவாங்கன்னு, சீலைக்குப் பின்னாடி இவரு கதைய மெதுவாச் சொல்லச் சொல்லத்தான் முதலாளி அத மைக்குல பேசினாரு, மறுபடி படம் எடுத்தா தெரையில ஒங்க பேரப் போடச் சொல்றேன்னு முதலாளி சொன்னத நம்பி மனுசன் இத்தன வருசமா தியேட்டருக்குக் கட்டின அந்த வேட்டிய மடிச்சு வச்சிருந்தாரு."