லைஃப் ஜாக்கெற் போட்ட மாப்பிள்ளை

புளியங்கூடல்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய அக்கா யோகம்மாவுக்கு,

தம்பி தியாகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாள் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். ஆனால் நான் சுகம் என்பதை மகள் கம்சிகா லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். கம்பசில் உளவியல் படிக்கிறவள் அல்லவா.

அக்கா, நீங்கள் சுவிசிலிருந்து பேசி அனுப்பிய மாப்பிள்ளை கீர்த்திகன் பக்கத்து வளவில் உங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். ஆளில் எனக்குச் சந்தேகம். கம்சிகாவுக்குப் பிடித்துவிட்டதாம், அதுவும் சந்தேகம். ஓரிடத்தில் பெரும்பாலானோர் செய்யாததைச் செய்வது அசாதாரண நடத்தைக்கு ஓர் அறிகுறி என்று அவளுடைய புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்ட கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். செவ்வாய்க்கிழமை பஸ் கொண்டக்டருக்கு நன்றி சொன்னார். அந்த மனிசன் பயந்துபோச்சு. நேற்று நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவானில் படகேறினால், நாங்கள் எல்லாரும் மெத்தையாய்ப் போட்டுக் குந்தியிருக்கிற லைஃப் ஜாக்கெற்றை இவர் தூசி தட்டி மாட்டி, வாரையும் இழுத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறார்! "அண்ணை, அவருக்கு ஏதும் வருத்தமோ, சுகமில்லையோ?" எண்டு படகோட்டி சில்வெஸ்ரர் கேக்கிறான். எனக்கு வெக்கமாய்ப் போச்சு. "ஓம், கொஞ்சம்" எண்டு சொல்லிச் சமாளிச்சனான்.

கம்சிகாவிட்டைச் சொன்னால், "அப்பா, வித்தியாசமாய்ச் செய்யிறது மட்டும் காணாது. அதாலை ஆருக்கும் இடைஞ்சலோ, சாப்பாடு நித்திரை குழம்புதோ எண்டும் பாக்கவேணும்" எண்டாள். பாத்தன். அவர் நல்லாச் சாப்பிடுறார், நல்லா நித்திரை கொள்ளுறார். நான்தான் மூண்டு நாளாய் வேலிப் பொட்டுக்குள்ளாலை அவரைப் பாத்துக்கொண்டு நிண்டு ஒண்டும் தின்னேல்லை. தாயில்லாமல் வளர்த்த ஒரே பிள்ளை, அக்கா. கண்காணாத தேசத்திலை ஒரு விசரனோடை அவளை விட்டிட்டு எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. ஆகையால் சம்பந்தம் வேண்டாம். பக்குவமாய்ச் சொல்லிவிடவும்.

அத்தானுக்கும் மருமக்களுக்கும் என் அன்பு. அம்மாள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தக் குறையுமில்லாத தம்பி,
தியாகலிங்கம்

பி.கு. வெள்ளிக்கிழமை. என் முடிவை அம்மாளுக்கும் சொல்லுவம் எண்டு இண்டைக்கும் நயினாதீவுக்கு வெளிக்கிட்டனான். மாப்பிள்ளையும் விடாமல் கூட வந்தார். நடுக்கடலிலை சோளகக் காத்து படகைத் தூக்கிப் போட்டுது. குந்தியிருந்த ஜாக்கெற்றை இழுக்க எனக்குக் கை வரேல்லை. அவர் தன்ரையைக் கழட்டி எனக்கு மாட்டி, வாரைக் கட்டி, கரை வரும்வரை கையை விடேல்லை. சம்பந்தம் சரி, அக்கா. நல்ல நாளாய்ப் பாருங்கோ. வீட்டை வந்து நாலு மணித்தியாலம். ஜாக்கெற்றை நான் இன்னும் கழட்டேல்லை. சில்வெஸ்ரர் அதைக் கேட்டுக்கொண்டு வாசல் படலையிலை நிக்கிறான். கம்சிகா கொப்பியும் பேனையுமாய் எனக்கு முன்னாலை கதிரை போட்டு இருக்கிறாள்.