பூ வைக்கப் போன இடத்தில் ஒரு ஜப்பான் சாவு

"நல்லதா ஒரு அனிமே சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுகிறேன். பச்சைப் பொய். எனக்கு உருப்படியாகத் தெரிந்ததே இந்த ஜப்பான் பொம்மைப் படங்கள் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் கேட்காமலேயே சொல்பவனாக இருந்தேன். சண்டைப் பிரியருக்கு ஒரு தொடர், பேய்ப் பிரியருக்கு ஒரு மாங்கா காமிக்ஸ், கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஒரே பந்தை மூன்று பாகம் வீசுகிற விளையாட்டுத் தொடர். (டாக்டர் மாத்திரை எழுதித் தருவதுபோல. பக்கவிளைவு பற்றி மட்டும் மூச்சு விடமாட்டேன்.)

நந்தினியைப் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறித்திருந்த சமயம். அவர்கள் வீடு சுருளிப்பட்டியில். "எங்க வீட்ல உங்க பொம்மைப் படப் பேச்ச எடுக்காதீக. கல்யாணம் முடியட்டும்" என்று போனில் தெளிவாகத்தான் சொன்னாள். கேட்டேனா? திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வருங்கால மாமனாருக்கு ஒரு விவசாயத் தொடர், சீரியல் பார்க்கும் அத்தைக்கு ஒரு காதல் தொடர் என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். இரண்டும் தமிழ் டப்பிங்.

நாலே நாளில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, பன்னெண்டு பாகமும் பாத்துட்டேன். ஒருவாட்டிகூட கொப்ப வெட்டிக் கவாத்து பண்ணல, மருந்தடிக்கல. அப்பறம் எப்புடிக் காய்க்குது?"

"அது மந்திரம் மாமா."

"என்னத்த மந்திரம்" என்று வைத்துவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அத்தை நிதானமாகப் பார்த்தார். கடைசிப் பாகத்தில் கதாநாயகி செத்துப்போவாள் என்பதை நான் சொல்லவில்லை. முடிவை வெளியே விடக்கூடாது என்று ஒரு கொள்கை. (மண்ணாங்கட்டிக் கொள்கை!) பூ வைக்கும் நாளன்று, நாங்கள் வருவதற்குள் அந்தக் கடைசிப் பாகத்தையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊர் அல்லிநகரத்திலிருந்து வேனில் போய் இறங்கினோம். அம்மா கையில் பூத்தட்டு. வாசலை நெருங்கினால் உள்ளே ஒப்பாரி.

எங்கள் பக்கம் ஒருத்தி அழுதால் பக்கத்து வீட்டுக்காரி காரணம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவாள். ஓய்ந்த பிறகுதான் யாரென்று விசாரிப்பாள். அத்தை ஆரம்பித்திருக்கிறார், தெரு சேர்ந்துகொண்டது. ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, "போயிட்டியே ஆத்தா" என்று அழுதுகொண்டிருந்தார்கள்.

என் பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "கேதம் விழுந்த வீட்ல பூ வைக்கக் கூடாது. வண்டியத் திருப்புங்க."

அம்மா பூத்தட்டை முந்தானையால் மூடினாள். அலங்காரம் முடிந்து அப்போதுதான் அறையைவிட்டு வந்த நந்தினி, அழும் கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

"அத்தே, யாருக்கு என்ன ஆச்சு?"

அத்தை டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். "நீங்க பாக்கச் சொன்ன புள்ள போயிருச்சே மாப்ள!"

"ஏலே, யாருடா போனது?" வாசலிலிருந்து பெரியப்பா.

"ஜப்பான்ல ஒரு பொண்ணு பெரியப்பா."

"நமக்கு என்ன முறை வேணும்?"

படத்தில் வருகிற பெண், அதுவும் வரைந்த பெண் என்று ஏழு பெண்களுக்கும் ஒரு வேன் சொந்தக்காரர்களுக்கும் நின்று விளக்கினேன். "இதுக்கா பாலை அடுப்புல விட்டுட்டு ஓடியாந்தேன்?" என்று எதிர்வீட்டம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனார். பெரியப்பா மட்டும் அசையவில்லை. வாழையிலைக் கட்டோடு அப்போதுதான் வந்த மாமாதான் காப்பாற்றினார். "பொறக்காத புள்ளைக்கு ஏதுங்க கேதம்? உள்ள வாங்க." வாசலில் தண்ணீர் தெளித்து, நல்ல நேரம் முடிவதற்குள் அவசர அவசரமாகப் பூ வைத்தோம்.

கல்யாணம் முடிந்து நந்தினியை வேனில் ஏற்றும்போது ஊரே அத்தையின் முகத்தைப் பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. என் அம்மாகூட அழுதுவிட்டாள். "அம்மா, நான் போறேம்மா" என்று நந்தினி ஜன்னல் வழியாக இரண்டு தடவை எடுத்துக்கொடுத்தும் பலனில்லை. அத்தை என் பக்கம் குனிந்து சங்கடமாகச் சொன்னார்: "எல்லாம் அந்தப் புள்ளைக்கே தீந்துருச்சு மாப்ள."

இன்றுவரை வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், உப்பு கூடியதில் தொடங்கினாலும்கூட, நந்தினி இதில்தான் கொண்டுவந்து முடிக்கிறாள்: "எங்கம்மா எனக்குன்னு வச்சிருந்த கண்ணீரயே ஜப்பான்காரிக்குக் குடுக்க வச்ச ஆளுதான நீங்க?"