சொல்லாமல் படி இறங்காத சொல்தா

பண்டசோழநல்லூர்,
வியாழக்கிழமை.

என் கூடப் பிறந்த தம்பி பாக்யராஜுக்கு அக்கா செல்லக்கண்ணு எழுதிக்கொண்டது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரி உஷாராணியும் மாடு கன்றும் கரும்பும் நோய் நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதப் போனேன். உன் மாமா சாவு நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத வீட்டிலிருந்து அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. அதனால் இருக்கிறேன் என்று எழுதுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன் பேரை உன் மாமா ஆசையாக வைத்த நாய் சொல்தா மட்டும் சுகம். அதற்கு அந்தச் சாங்கியமெல்லாம் கிடையாது.

போன் இருக்கும்போது அக்கா ஏன் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். போன் உன் மாமாவுடையது. அதை எடுத்துச் சார்ஜ் போட எனக்கு இன்னும் கை வரவில்லை. அதுவும் இல்லாமல் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். கடுதாசியில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நான் படித்தது ஐந்தாவது. எழுத்து கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. சங்கதி இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை கயிறும் கையுமாக வந்து சொல்தாவைப் பிடித்துக்கொண்டு போய் உன் கரும்புக் கொல்லையில் கட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். வராதே.

கருமாதி அன்று நடந்ததை நீ கோகிலாம்பாள் வாயால் கேட்டாய். என் வாயால் கேள். வீடு நிறைய ஜனம், தெருக்கதவு அகலத் திறந்து கிடந்தது, வெளியே யாரோ டி.வி.எஸ். வண்டியில் போனார்கள், அந்தச் சத்தம் கேட்டதும் சொல்தா பந்திக்கு நடுவில் பாய்ந்து நாலு இலையை மிதித்துக்கொண்டு வெளியே ஓடியது, அந்த நேரம் பார்த்து பக்கத்து மளிகைக் கடை ஏகநாதன் சம்சாரம் கோகிலாம்பாள் இடுப்பில் ஊறவைத்த அரிசிக் குண்டானோடு மாவு அரைக்கக் கிளம்பியிருந்தாள், நாய் அவள் காலுக்கு நடுவில் புகுந்தது, அரிசி தெருவில், கோகிலாம்பாள் அரிசியின் மேல். எதிரே வந்த டவுன் பஸ் கிரீச்சென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “எந்த வூட்டு நாய்டா இது? டிக்கெட் எடுக்காம அடியில ஏறப் பாக்குது!” என்றார். கோகிலாம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “இந்தத் தெருவுல ஒண்ணு அந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள். நீ பெரிய மனுஷனாட்டம், “ஒரு மாசம் பொறுத்துக்கம்மா, நானே வந்து ஓட்டிகினு போயிடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? இந்த வீட்டில் சோறு போட்டால் சாப்பிட மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அது ஏன் ஓடுகிறது என்றாவது கேட்டாயா? உன் மாமா நெல் மில்லுக்குப் போய் வந்தது டி.வி.எஸ். வண்டியில். அந்தச் சத்தம் கேட்டால் ஓடும், வண்டிக்காரன் முகத்தைப் பார்க்கும், அவர் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிவிடும். இந்த ஊரில் பால்காரருக்கு டி.வி.எஸ்., மீன்காரருக்கு டி.வி.எஸ்., கோலமாவு விற்கிறவருக்கும் டி.வி.எஸ். அது எத்தனை பேர் முகத்தைத்தான் பார்க்கும், பாவம்.

மறுவாரம் செவலைப் பசுவுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தணிகைவேல் வந்தார். அவர் வந்ததும் டி.வி.எஸ். வண்டிதான். சொல்தா பாய்ந்து போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. அவர் சிரித்துவிட்டு, “ஏம்மா, கதவு தொறந்தா ஓடணும்னு இதுக்கு யாரு கத்துக் கொடுத்தது?” என்றார். யாரும் கத்துக் கொடுக்கவில்லை என்றேன். “நீங்கதான் கொடுத்திருக்கீங்க. ஓடுனா கதவு தொறந்தே கெடக்குது. இனிமே இன்னா பண்றீங்க, கதவைத் தொறங்க. மூக்கை நீட்டுச்சா, மூடுங்க. மறுபடி தொறங்க, நீட்டுச்சா, மூடுங்க. அடிக்க வேணாம், கத்த வேணாம். அதுவா குந்திகினு உங்க மூஞ்சியைப் பாக்கும் பாருங்க, அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வார்த்தைக்கு மட்டும்தான் படி எறங்கணும்.” என்ன வார்த்தை என்றேன். “ஓகேன்னு சொல்லுங்களேன்” என்றார். எனக்கு நாக்கு புரளவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். திறந்தேன், மூக்கு வந்தது, மூடினேன். எண்ணவில்லை, ஆனால் கீல் எண்ணெய் கேட்கிற அளவுக்குத் திறந்து மூடினேன். கடைசியில் அது பெருமூச்சு விட்டுவிட்டு, இந்தப் பொம்பளைக்கு என்னதான் வேணும் என்கிற மாதிரி, திறந்த கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. என் வாயில் தானாக வந்தது, “போய்ட்டு வா.” உன் மாமா காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்பார், நான் அடுப்படியிலிருந்தே போய்ட்டு வா என்பேன். வாங்க என்று மரியாதையாக ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்ன சொல் தவறாமல் வந்துகொண்டிருந்த மனுஷன், அந்த ஒரு நாள்தான் வரவில்லை. சொல்தா எழுந்து வேப்பமரம் வரை போய் ஒண்ணுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து என் காலடியில் நின்றது. போ என்றதற்குப் போனது பெரிசில்லை தம்பி, வா என்றதற்கு வந்தது பார். எனக்குக் கொஞ்ச நேரம் கதவை மூடத் தோன்றவில்லை.

மறுநாள் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, “பரவால்லையே! ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்மா. நாய்க்கு மட்டும் போட்டா அது மதிக்காது. யாரு படி எறங்குனாலும் நீங்க வார்த்தை சொன்ன பொறவுதான் எறங்கணும்” என்று அவரே நாய் பக்கத்தில் பவ்யமாக நின்றார். நான் சொன்னேன், இறங்கினார். அப்படி நாலு தடவை அவரை நிற்க வைத்து இறக்கினேன். சொல்தா ஒவ்வொரு தடவையும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டது. அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துபோனோம். இது சாவு விழுந்த வீடு. துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, நாமும் போய்ட்டு வா என்று சொல்லக்கூடாது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடக்க வேண்டும்.

முதலில் மாட்டிக்கொண்டவர் விதவை பென்ஷனுக்கு விசாரிக்க வந்த விஜயராஜ் என்கிற அதிகாரி. முறை தெரிந்த மனுஷன், பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். சொல்தா அவருக்கு முன்னால் போய் வாசலை அடைத்துக் குந்திக்கொண்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை, அவர் பேண்ட் கால் மடிப்பை மட்டும் பல்லில் பதமாகப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. மனுஷன் மறுபடி உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். எனக்கோ சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலும் முடியவில்லை. கடைசியில் நாயின் காதில் குனிந்து ரகசியமாகப் போய்ட்டு வா என்றேன். அவர் நடுங்கிப்போய், “யம்மா, அதை அதுங்கிட்ட சொல்றீங்களா, என்கிட்ட சொல்றீங்களா? தெளிவா சொல்லிடுங்க, வூட்ல கேப்பாங்க” என்றார்.

அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் போன துக்கத்தில் செல்லக்கண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது, ஆளில்லாத வாசலைப் பார்த்து நாள் பூரா கதவைத் திறந்து மூடி யாரையோ வழியனுப்புகிறாள் என்று. கோகிலாம்பாள் விபூதி மந்திரித்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். “இன்னாடி இது, துக்க வூட்ல நின்னுகினு போய்ட்டு வா, போய்ட்டு வான்னு? யாருடி திரும்பி வரணும்? கேக்கவே பயமா இருக்குது!” என்று என் நெற்றியில் அப்பிவிட்டு விறுவிறு என்று கிளம்பினாள். சொல்தா குந்திக்கொண்டது. அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் அது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம். “சொல்லித் தொலைடி!” என்கிறாள். “நீதானே சொல்லக்கூடாதுன்னே?” என்கிறேன். வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்டாட்டியைக் காணோம் என்று ஏகநாதன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். உள்ளே வருகிறவர்களை அது ஒன்றும் சொல்லாது, வாலாட்டி வரவேற்கும். வந்தார், அவரும் மாட்டிக்கொண்டார். காவல் இல்லாத கடையில் யாரோ வீட்டு மாடு புகுந்து வாழைத்தாரைத் தின்றுவிட்டுத் தவிட்டு மூட்டையில் வாயை வைத்திருந்தது, அதை இங்கிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்தும் அந்த மனுஷன் சிரிக்கிறார். “இந்த மாரி ஒண்ணை ஆபீசுக்கு ஆபீசு வாசல்ல குந்த வெச்சா எவனும் நாலு மணிக்கே வூட்டுக்குக் கெளம்ப மாட்டான்” என்றார். கோகிலாம்பாள் அவரை முறைத்த முறைப்பில் நானே போய்ட்டு வா என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அவளுக்கும் அன்றைக்கே ஓர் ஆச்சரியம் விழுந்துவிட்டது. மறுநாள் சோதித்துப் பார்க்க வந்தாள். கடையிலிருந்து பொறை ரொட்டி ஒன்றை எடுத்து வந்து திறந்த கதவுக்கு வெளியே, நாயின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், படியில் வைத்தாள். சொல்தாவுக்குப் பொறை என்றால் உயிர். வாயிலிருந்து எச்சில் நூல் விட்டுத் தரையில் குளம் கட்டியது. குந்தின இடத்தை விட்டு அசையவில்லை. எங்கிருந்தோ காக்கா வந்து பொறையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அதையும் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தது. கோகிலாம்பாளுக்குக் கண் கலங்கிப்போய், “உன் வூட்டுக்காரர்தான்டி வந்து எடுத்துகினு போறாரு” என்றாள். அவர் டீயில் தொட்டுத் தின்றதும் பொறைதான், அதனால் நானும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்தாவுக்கு வேறு பொறை கொடுத்தோம்.

இதெல்லாம்கூட விடு. நேற்று காலையில் நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன், கதவு திறந்திருக்கிறது, தெருக்கோடியில் டி.வி.எஸ். சத்தம். அதே மாதிரி இருமி இருமி வருகிற வண்டி. நான் ஊதுகுழலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்துவிட்டேன், பார்த்துக்கொள், எழுதப் படிக்கத் தெரிந்தவள், எரித்த இடத்துக்குப் பால் ஊற்ற ஆள் அனுப்பினவள், நான் ஓடி வருகிறேன். சொல்தா வாசலில் குந்தியிருக்கிறது. உடம்பெல்லாம் கிடுகிடு என்று ஆடுகிறது, காது இரண்டும் வண்டிப் பக்கம், கண் மட்டும் என் பக்கம். வார்த்தை வரட்டும் என்று. வண்டி போயிற்று, கோலமாவுக்காரர். அதற்குப் பிறகும் அது படியில் கால் வைக்கவில்லை. என்னால் ஆகாததை அது செய்துவிட்டது தம்பி. நான் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன்.

ஆகையால் நாய்க்குப் புத்தி வந்துவிட்டது, தெருவுக்கும் பயம் இல்லை, பஸ்ஸுக்கும் பயம் இல்லை. தெருவில் ஒன்று அது இருக்கணும் இல்லை நான் இருக்கணும் என்று நின்ற கோகிலாம்பாளே இப்போது அது இருக்கட்டும் என்கிறாள், அவள் சொன்னதாக நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே, மறுபடி மாற்றிப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். கரும்பு வெட்டைப் பார். எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் பழகிவிட்டது, யாருடைய ஒத்தாசையும் தேவைப்படவில்லை. உன் கொடி தழைக்கட்டும், உஷாராணி மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருஷம் இருக்கட்டும், உங்கள் வீட்டு வாசல் எப்போதும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா
செல்லக்கண்ணு

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு பத்து மணிக்குத் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். முப்பதாம் நாள் படையல் கும்பிட்டு இரண்டு வாரம் ஆகியும் எனக்குத்தான் படி இறங்கத் தோன்றாமல் இருந்தது, இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் செருப்பை மாட்டினேன். சொல்தா வாசலை அடைத்துக் குந்திக்கொண்டது. முந்தானையைப் பல்லில் பதமாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளே பார்க்கிறது. எனக்கு யாராவது வார்த்தை சொல்ல வேண்டுமாம். நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன், செல்லக்கண்ணு, போய்ட்டு வா என்று. தன்னைத்தான் சொன்னேன் என்று எழுந்து வேப்பமரம் வரை போய்விட்டு வந்து மறுபடி குந்திக்கொண்டது. அது போய் வருவதற்குள் நான் நழுவியிருக்கலாம். சட்டம் போட்டவளே ஏமாற்றிவிட்டுப் போக மனசு வரவில்லை. உள்ளே வந்து மறுபடி மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று கோகிலாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்று தொண்டை கிழியச் சொன்னாள், சொல்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உள்ளே இருக்கிறவர்கள் சொன்னால்தான் செல்லுமாம். தோட்டத்துச் சுவர் ஏறிக் குதிக்கிற வயசா எனக்கு? இதை ஜன்னல் கம்பி வழியாக அவளிடமே கொடுத்துப் போடச் சொல்கிறேன். அவளைப் பற்றி எழுதியிருப்பதால் சோற்றுப் பருக்கை வைத்து இறுக்கி ஒட்டியிருக்கிறேன். வர வேண்டாம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வா. கயிறு வேண்டாம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லு, நான் வில்லியனூர் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். அப்புறம் நீ எப்படிப் படி இறங்குவாய் என்பதை நான் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன்.