கொறங்காட்டு மேடேறாத வண்டி

அந்த வண்டியில் மெக்கானிக் எவன் கையும் படக்கூடாது என்று திருமூர்த்தி சபதம் போட்டார். சபதம் போடுவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா! போன வருஷம் சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டேன் என்று அறிவித்த மகான், இன்றைக்கும் டீக்கடையில் ஒன்றரை ஸ்பூன் போடச் சொல்கிறார்.

வண்டி என்றால் ஏ.டி.வி. கொழுத்த நாலு சக்கரம், பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார். ஊட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வந்தவர் போனவரையெல்லாம் குலுக்கிக்கொண்டிருந்ததை வாங்கிச் சோமனூருக்கு இறக்கினார். தோட்டத்து வேலைக்காம்! வீடு பள்ளத்தில், மாடுகள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு மேட்டில். தினம் இரண்டு வேளை தீவனத்தை ஸ்கூட்டியில் கட்டி, பாதி மேட்டில் இறங்கித் தள்ளி, மூச்சிரைக்கச் சேர்ப்பவள் மனைவி கலாமணி. வண்டி வந்து பத்து நாளாயிற்று. மேட்டுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேளை தவறாமல் டீக்கடைக்குப் போய்வந்தது.

பதினோராம் நாள், "ஏத்திக் காட்டறேன் பாரு" என்று கிளம்பினார். மேட்டடியில் நின்று ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தார். எஞ்சின் போட்ட சத்தம் ஊரையே கூட்டியது. வண்டி நகர்வேனா என்றது. சமதரையில் ஓட்டம் பிடித்துவிட்டால் பறக்கிற சனியன், நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் எடுப்பே இல்லை.

"பிளக்கு" என்றார். பிளக்கை மாற்றினார். "கார்புரேட்டர்" என்றார். அதைக் கழற்றி, கலாமணியின் இட்லிக் குண்டாவில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டார். அதற்கும் அசையவில்லை என்றதும் பெட்ரோலையே திட்டினார்.

"ஏனுங்க, எஞ்சின் கத்துது, சக்கரத்துக்கு இழுவை வரமாட்டேங்குது. நடுவால பெல்ட்டு வழுக்குதோ என்னமோ? என்ற ஸ்கூட்டியும் பெல்ட்டு வண்டிதானுங்களே."

"ஏம்புள்ள, பன்னெண்டு தறி ஓட்டறவன் நானு. இருபத்தஞ்சு வருசமா பெல்ட்டோட குடும்பம் நடத்தறேன்!"

"ஆமாங்க, எங்கூட நடத்துன மாதிரி தெரியலீங்க."

"பெல்ட்டை வந்தன்னைக்கே கவனிச்சுப்போட்டேன். கோளாறு எஞ்சின்ல."

"அருண்குமாரைக் கூப்புடலாமுங்களா?"

அருண்குமார் அவள் ஸ்கூட்டிக்கு வேலை பார்க்கிற மெக்கானிக். திருமூர்த்திக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஸ்கூட்டிக்காரன் இதைத் தொடறதா? ஞாயித்துக்கெழமைக்குள்ள நானே மேடேத்தறேன். இல்லீன்னா சாவி உனக்கு. வண்டி உன்ற வண்டி!"

"நீங்க சக்கரையை விட்ட கதையாப் போயிருமுங்க. சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல வாய்ஸ் போடுங்க, நம்பறேன்."

போட்டார். ஏற்ற இறக்கத்தோடு ஒரு நிமிஷம் பேசிப் போட்டார். முப்பத்தெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அவருடைய மாமியார் மட்டும் கும்பிடு போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எஞ்சினைப் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்டியாயிற்று. மூன்று போல்ட்டு மிச்சம். "கம்பெனிக்காரன் சும்மா போட்டது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேட்டடியில் நிறுத்தி முறுக்கினார். வண்டி ஒரு சாண் ஏறியது, இரண்டு சாண் இறங்கியது. மாடுகள்கூட மேலிருந்து வேடிக்கை பார்த்தன.

கலாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு வந்தாள். பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து கொழகொழவென்று வழிந்தது, விளக்கெண்ணெய்! தறிக்குத் தோல் பெல்ட்டு ஓடிய காலத்தில், காய்ந்து வெடிக்காமலிருக்க இவருடைய அப்பா தடவிய வைத்தியம். அதே பாசத்தோடு இந்த மேதை ரப்பர் பெல்ட்டுக்குக் கால் லிட்டர் தடவி வைத்திருந்தார். பிடித்து இழுக்க வேண்டிய பெல்ட்டுக்கு எண்ணெய்க் குளியல் போட்டால் எங்கே இழுக்கும்? அட கிரகமே!

"நீங்க தடவறப்பவே சன்னல்ல பாத்தனுங்க" என்றாள்.

"பாத்தியா? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேக்கற ஆளுங்களா நீங்க? அன்னைக்கே அருண்குமாருகிட்டப் புது பெல்ட்டுக்குச் சொல்லிப்போட்டேன். வியாழக்கெழமையே வந்துருச்சுங்க."

திருமூர்த்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். குரூப்பில் அவர் வாய்ஸ் போட்டது வெள்ளிக்கிழமை.

அவள் உள்ளே இருந்த எண்ணெயைப் பெட்ரோல் துணியால் துடைத்தாள். புது பெல்ட்டை மாட்டினாள். கையை நீட்டிச் சட்டைப்பையிலிருந்த மூன்று போல்ட்டையும் வாங்கி அதனதன் இடத்தில் முடுக்கினாள். வெறும் வண்டியாக ஒருதரம் மேடேறி இறங்கினாள். முக்கல் இல்லை, முனகல் இல்லை. வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். பிறகு நாலு தீவனக் கட்டில் மூன்றை ஏற்றி உட்கார்ந்தாள். போனது போகட்டும், பின்னாலாவது உட்கார்ந்து போவோம் என்று திருமூர்த்தி காலைத் தூக்கினார்.

"அக்கட்டால தள்ளி நில்லுங்க. இன்னொரு மூட்டை ஏத்துனா மேட்டுல இழுக்காதுங்க. அந்த நாலாவது கட்டைத் தலையில வெச்சு நடந்து வாங்க."